நார்மல் என்று எழுதிய குப்பி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் காலை பஸ்ஸில் மடியில் ஒரு டிபன் கேரியரோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டு அம்மாள் யாராவது என்ன கறி என்று கேட்டால் ஈரல் என்பேன். பொய்யில்லை. ஆட்டு ஈரல்தான், அதில் எலுமிச்சம்பழ அளவுக்கு நீர்க்கட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எங்கள் அண்ணன் அகமது கபீர் கறிக்கடை வைத்திருந்தார். அறுத்த ஆட்டில் கட்டி இருந்தால் அந்த ஈரலை விற்க முடியாது. அதை எனக்கென்று எடுத்து வைப்பார். ஊரில் எந்தத் தங்கச்சிக்கும் அண்ணன் வீட்டிலிருந்து இப்படி ஒரு சீர் போயிருக்காது.

அந்தக் கட்டி ஒரு புழுவின் வேலை. நாயின் குடலில் நெல்மணி நீளம் இருக்கும் ஒரு நாடாப்புழு. அதன் முட்டை நாயின் கழிவோடு வெளியே வந்து, புல்லோடு புல்லாக ஆட்டின் வயிற்றுக்குள் போனால் ஆட்டுக்குக் கட்டி. அந்த ஈரலைப் பச்சையாக நாய் தின்றால் மறுபடி நாய்க்குப் புழு. நாயைத் தடவிய கையோடு நாம் சோறு தின்றால் நமக்கும் கட்டி. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். உள்ளேயே உடைந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். ஸ்கேன் செய்தால் கட்டி தெரியும்; அது சும்மா நீர்க்கட்டியா, புழுக்கட்டியா என்பது பல சமயம் தெரியாது. அதை ரத்தத்தில் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் வேண்டும், அதைக் கோழிமுட்டையை வைத்துச் செய்ய வேண்டும் என்பது என் பிஎச்.டி.க்கு சேதுபதி சார் கொடுத்த தலைப்பு. அவர் எங்கள் கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவர், என் கைடு.

கோழியில் ஒரு சௌகரியம் உண்டு. நீர்க்கட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்து, எண்ணெய் மருந்தில் கலந்து அதன் நெஞ்சுச் சதையில் ஊசி போட்டால், கோழியின் உடம்பு அதை எதிர்க்க ஆன்டிபாடியைச் செய்யும். செய்ததோடு நிற்காமல், பிறக்கப்போகும் குஞ்சுக்கென்று அதை மஞ்சள் கருவில் சேர்த்தும் வைக்கும். தாய் சேர்த்து வைத்த சீதனத்தை நாங்கள் முட்டையை உடைத்து எடுத்துக்கொள்வோம். எடுத்ததை பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் பூசி, மேலே மனிதனின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை, ஒரு சொட்டு விட வேண்டும். அதில் புழுவின் சரக்கு இருந்தால் ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும். கடைசியாக விடும் மருந்தில் குழி மஞ்சளாகும். புழு இல்லாதவர் என்றால் குழி தண்ணீராகவே கிடக்கும்.

சொல்லும்போது இவ்வளவு சுலபம். ஆனால் என் தட்டில் எல்லாக் குழிகளும் மஞ்சளாயின.

மதுரையில் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தவர்களின் சீரம் மஞ்சளானது, சரி. நோயே இல்லாத ஆளின் சீரமும் அதே மஞ்சள். திருடனையும் பிடித்து, புகார் கொடுக்க வந்தவனையும் பிடித்து உள்ளே போடும் ஸ்டேஷனை யார் நம்புவார்கள்? இரண்டு வருஷம் இதே கதை. வ. புதுப்பட்டிப் பண்ணையிலிருந்து புதுக் கோழிகள் வாங்கினேன். மஞ்சள் கருவிலிருந்து கொழுப்பை எடுக்கும் முறையை மாற்றினேன், கழுவும் தண்ணீரை மாற்றினேன். ஐந்து நேரத் தொழுகையிலும் அந்த ஒரு குழி, நோயில்லாதவரின் குழி, வெளுத்துப் போகட்டும் என்று துஆ கேட்டேன். அல்லாஹ்விடம் இவ்வளவு அற்பமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டில் அத்தா எனக்குக் கொடுத்திருந்தது ஐந்து வருஷம். நான் சேர்ந்தது எண்பத்தெட்டில். இது கடைசி வருஷம். பட்டம் வாங்கினால் வேலைக்குப் போகலாம், வாங்காவிட்டால் மேலப்பாளையத்தில் காத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகலாம் என்பது ஒப்பந்தம். மாப்பிள்ளை நல்லவர் என்றுதான் சொன்னார்கள். நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்பதற்காகவே கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் பின்னால் கம்பிக் கூண்டுக்குள் அவை நிற்கும், வெளியே நான் நிற்பேன். உள்ளே வெளியே என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

நோயில்லாத ஆளின் சீரம் என்றேனே, அது சேதுபதி சாருடையது.

சார் கைராசிக்காரர் என்று துறையில் ஒரு நம்பிக்கை. புது மைக்ரோஸ்கோப் வந்தால் முதலில் அவர்தான் கண் வைப்பார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அவர் கையால் பேனா வாங்கிப் போவார்கள். என் வேலை தொடங்கிய அன்று, நோயில்லாதவர் ரத்தம் வேண்டும் என்றதும், போணி நம்ம கையில ஆகட்டும் என்று சட்டைக் கையை மடக்கிவிட்டு உட்கார்ந்தார். கடைத்தெருக்காரர் மகன், போணி பார்க்காமல் எதையும் தொடங்க மாட்டார். துறையே நின்று பார்த்தது. அட்டெண்டர் சோணைமுத்து கும்பிடக்கூடச் செய்தார். அந்தச் சீரத்தைச் சின்னக் குப்பிகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் 'நார்மல்' என்று சாரே தன் கையால் எழுதி, ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் அடுக்கினார். மற்ற எல்லோரையும் அந்தக் குப்பியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். தீர்ந்தால் மறுபடி அவரே கை நீட்டுவார்.

இன்னொருவர் ரத்தத்தையும் வைத்துப் பார்க்கலாமே சார் என்று ஒரு தடவை கேட்டேன். தராசுக்கல்லை நடுவியாபாரத்தில் மாற்றினால் இதுவரை நிறுத்ததெல்லாம் வீணாகும், தப்பு உன் கோழியில் இருக்கிறது, அதைப் பார் என்றார். கோபமாகவே சொன்னார். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் கைடு கோபப்பட்டால் அது கருத்து, மாணவி கோபப்பட்டால் அது கொழுப்பு. அவர் கையெழுத்து இல்லாமல் என் தீசிஸ் அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போகாது. வாயை மூடிக்கொண்டேன்.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் அடித்த மழையில் கரண்ட் போனது. அன்று போன கரண்ட் மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. ஐஸ் பெட்டி உருகி ஒழுகிவிட்டது. சார் விடைத்தாள் திருத்தச் சென்னைக்குப் போயிருந்தார். மதுரைச் சீரமெல்லாம் எதிர் கிளினிக்கில் ஜெனரேட்டர் இருந்த ஃபிரிட்ஜில் பத்திரமாக இருந்தது. சாரின் குப்பிகள் மட்டும் இளகி நின்றன. கெட்டுப்போயிருக்காது, ஆனாலும் கெட்டிருந்தால் என்ற சந்தேகத்தோடு டெஸ்ட் போட மனசில்லை. அட, நானும் நோயில்லாத ஆள்தானே என்று தோன்றியது. கிளினிக் நர்ஸிடம் கையை நீட்டி என் ரத்தத்தை எடுத்துவந்து, தட்டில் விட்டேன்.

மதுரைக்காரர்களின் குழிகள் பளிச்சென்று மஞ்சளாயின. என் குழி தண்ணீராகவே இருந்தது.

ஜன்னல் பக்கம் தட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தேன். மறுநாள் சோணைமுத்துவின் ரத்தத்தையும், அவர் சம்சாரம் ரத்தத்தையும் கெஞ்சி வாங்கிப் போட்டேன். இரண்டும் வெளுப்பு. கூண்டுக்குப் போய்க் கோழிகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவை தீனியைத்தான் எதிர்பார்த்தன. இரண்டு வருஷமாக ஒழுங்காக வேலை செய்த கோழிகளைத் திட்டித் தீர்த்திருக்கிறேனே என்று ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. மேலப்பாளையம் மாப்பிள்ளையே, உமக்கு வேறு பெண் கிடைக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

சந்தோஷத்தில் மூளை கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேலை செய்தது. அப்படியானால் சாரின் குப்பி?

இளகிய குப்பியில் ஒன்றை எடுத்து, நார்மலாக இல்லாமல், நோயாளி வரிசையில் விட்டுப் பார்த்தேன். மதுரைக்காரர்களைவிட அழுத்தமான மஞ்சள்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்ததில், எல்லாம் தன் இடத்தில் வந்து விழுந்தது. சார் வீட்டில் ராஜபாளையம் நாய்கள் மூன்று. பாலுக்கு அடுத்தபடி அவற்றுக்குக் கறிக்கடைப் பச்சை ஈரலும் நுரையீரலும்தான் சாப்பாடு, வேகவைத்தால் நாயின் வேகம் குறைந்துவிடும் என்று அந்தத் தெருவே நம்பியது. சார் மடியில் நாய்த் தலையை வைத்துக்கொண்டே பேப்பர் படிப்பார். இந்தப் புழுவின் வாழ்க்கைச் சுற்றைக் கரும்பலகையில் இருபது வருஷமாக வட்டம் போட்டு நடத்தியவர். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது.

திட்ட வேண்டும் போல இருந்தது. திட்ட முடியவில்லை. பயமாக இருந்தது.

இப்போது என் முன்னால் இரண்டு வழி. சாரின் குப்பிகள் மழையில் கெட்டுவிட்டன என்று கொட்டிவிட்டு, புது நார்மலை வைத்து தீசிஸை முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அல்லது கைராசிக்காரரிடம் போய், சார் உங்கள் ஈரலில் புழுக்கட்டி இருக்கிறது, உங்களால்தான் என் இரண்டு வருஷம் போனது என்று சொல்லலாம். சொன்னால் டெஸ்டே தப்பு என்பார். அவர் தப்பு என்றால் தப்புதான், பட்டம் போனது. சொல்லாமல் பட்டம் வாங்கினால், அவர் ஈரலில் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போது அதே சீரத்தைப் பிடித்த டெஸ்டுக்குப் பட்டம் வாங்கியவள் ஆவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருந்தது.

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனிடம், யார் என்று சொல்லாமல், கட்டி இருக்கும் ஆட்டைப் பார்த்தால் தெரியுமா என்று கேட்டேன். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்.

"ஒண்ணும் தெரியாது. கடைசி வரைக்கும் நல்லாத்தான் மேயும்."



சார் சென்னையிலிருந்து வந்த அன்று காலையிலேயே லேபுக்கு வந்தார். மழையில் என்னென்ன போயிற்று என்று கேட்டார். குப்பிகள் இளகியதைச் சொன்னேன். வேறு ஆட்கள் ரத்தம் வைத்துப் பார்த்ததில் டெஸ்ட் வேலை செய்கிறது என்றும் சொன்னேன். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் சீரத்தப் போட்டியா?"

"கெட்டுப் போச்சு சார். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவருக்கும் வழி, எனக்கும் வழி. அவர் தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கினார்.

"புதுசா எடு" என்றார்.

நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். ரத்தம் உறைய வைத்து, சீரம் பிரித்து, தட்டில் மூன்று குழிகளில் அவருடையது, பக்கத்தில் மதுரைக்காரர்களுடையது, என்னுடையது என்று விட்டேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் காத்திருக்க வேண்டும். சார் எழுந்து போகவில்லை. மதியம் சோணைமுத்து சாப்பாடு கொண்டுவந்ததையும் திருப்பி அனுப்பிவிட்டார். தட்டு மூடியிருந்த அந்த நேரத்தில்தான் அவராகவே பேசினார்.

எனக்குத் தலைப்புக் கொடுப்பதற்கு முந்தின வருஷம் வயிற்றுவலி என்று மதுரையில் ஸ்கேன் எடுத்தாராம். ஈரலில் கட்டி. புழுக்கட்டியாக இருந்தால் உடனே ஆபரேஷன், இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடலாம், வெளியூரில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்றாராம் டாக்டர். எங்கள் லேபிலேயே அந்த டெஸ்ட் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஆபரேஷன் பயம். அவருடைய அப்பா ஆபரேஷன் மேசையில் செத்தவர். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டுத் தலைப்பைக் கொடுத்து, தன் ரத்தத்தையும் கொடுத்து, குப்பியில் நார்மல் என்று எழுதினார்.

"எழுதும்போது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. எழுதிட்டா அப்படியே ஆயிரும்னு ஒரு நெனப்பு. நீ வந்து எல்லாம் மஞ்சளா வருது சார்னு அழுவ. உன்னத் திட்டுவேன். உள்ளுக்குள்ள நிம்மதியா இருக்கும். டெஸ்டுதான் தப்பு, நான் தப்பில்லைன்னு."

எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. என்னுடைய இரண்டு வருஷத்தைத் தின்றவர் இவர். என் அத்தா முன்னால் நான் தலைகுனிந்து நின்ற ஒவ்வொரு பெருநாளும் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது துறைத் தலைவர் இல்லை. டாக்டரின் கதவுக்கு வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு ஆள்.

கடைசி மருந்தை நான் விட்டேன். மதுரைக்காரர்களின் குழிகளில் முதலில் நிறம் தட்டியது. சாரின் மூன்று குழிகளும் அப்போது தண்ணீராகத்தான் இருந்தன. வெளுப்பாகவே இருக்கட்டும் ரப்பே என்று கேட்டேன். இரண்டு வருஷமாகக் கேட்ட அதே துஆ, அதே குழிக்கு. பட்டம் போனால் போகட்டும், கோழிகள் பொய்யாகட்டும் என்றுகூடக் கேட்டேன். மெல்ல ஒன்று மஞ்சளானது. அடுத்ததும். மூன்றும் ஒரே அழுத்தத்தில் நின்றன. என் குழி தெளிவாக இருந்தது.

சார் தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வைவாவில் வெளியூர் பரிசோதகர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எல்லாக் குழிக்கும் ஒரே நேரத்துலதான மருந்து விட்ட?"

"ஆமா சார்."

"அப்ப டெஸ்ட் நல்லா வேலை செய்யுது" என்றார்.

இத்தனை வருஷமாக அவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை, தட்டைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு மடக்கிய சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். தீசிஸைக் கொண்டுவா, எப்போது வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நாளை மதுரைக்குப் போவதாகவும் சொன்னார். பிறகு தயங்கினார்.

"ஒரு உதவி பண்ணுமா. வீட்டுக்கு வந்து நாச்சியார்ட்ட நீ சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா. நான்தான நார்மல் நார்மல்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

நாச்சியார் அவர் மனைவி. ஸ்கேன் எடுத்த புதிதில் ஆபரேஷன் செய்யச் சொல்லி மன்றாடியவர் என்று நடந்து போகும்போது சொன்னார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரோடு நடந்தேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது என் ஊர் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஏறிவிடலாமா என்று ஒரு கணம் கால் நின்றது. சார் திரும்பிப் பார்த்தார், நான் பின்னாலேயே போனேன்.

கதவைத் திறந்த நாச்சியாரம்மா என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. சார் என் பெயரைச் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீதானா மாஜிதா? வாம்மா உள்ள. இந்த ரெண்டு வருசமா நான் கண்ண மூடித் தூங்குறேன்னா அது உன் டெஸ்டுனாலதான். அவிய ரத்தம் நல்ல ரத்தம்னு எழுதியே வச்சிருக்கியளாம்ல."

சார் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

காப்பி போட்டுட்டு வாரேன் என்று உள்ளே திரும்பியவரை நான் விடவில்லை.

"காப்பி பொறவு ஆகட்டும்மா. செத்த உக்காருங்க."

நாச்சியாரம்மா சிரித்த முகத்தோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.